கேஜ் முள் அதேதான், கேஸ் வேறு: ஆர்-290, ஆர்-32 ஏசியில் கை வைக்கும் முன்

ஆர்-290, ஆர்-22 எல்லாம் ஏசிக்குள் சுற்றிக் குளிரூட்டும் கேஸ்களின் பெயர்கள். ஆர்-290 போட்ட ஸ்பிளிட் ஏசியில் அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டினால், பழைய ஏசிகளின் ஆர்-22 பழகிய கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியாது. ஓடும்போது சக்ஷன் பக்கம் (கம்ப்ரசர் கேஸை இழுக்கும் பக்கம்) 65 பிஎஸ்ஐ அக்கம்பக்கம் நிற்கும். நிறுத்திவைத்து, வெளியே 30 டிகிரி இருக்கும்போது பார்த்தால் 140 சொச்சம். அதே வெப்பத்தில் ஆர்-22 காட்டுவது 158. குளிர்ச்சியும் அதேதான். வம்பே இந்த ஒற்றுமையில்தான் இருக்கிறது. கை தன்னால் பழைய வேலையைச் செய்யப் பார்க்கும்: ஹோஸைத் தளர்த்தி கேஸை நின்ற இடத்திலேயே விடுவது, ஸ்க்ரூடிரைவரால் கெப்பாசிட்டரைத் தட்டுவது, டார்ச்சைப் பற்றவைத்துப் பழைய ஜாயின்டைக் கழற்றுவது. ஆர்-22 இவை மூன்றையும் பொறுத்துக்கொண்டது. ஆர்-290 என்பது சுத்தமான புரொபேன்.

ஏசி என்பதே ஒரு ஹீட் பம்ப்தான். உள்ளிருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. ஐரோப்பாவில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப்களிலும் இதே ஆர்-290 பரவலாகிவிட்டது. ஆனால் அங்கே பெரும்பாலும் மோனோபிளாக் வகை: கேஸ் முழுவதும் வெளியில் நிற்கும் பெட்டிக்குள், வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் மட்டும். நம் ஊரில் அப்படி இல்லை. இந்தியாவில் கோத்ரெஜ் 2012-இல் ஆர்-290 ஸ்பிளிட் ஏசிகளை விற்கத் தொடங்கியபோதே கேஸ் படுக்கையறைச் சுவருக்கு வந்துவிட்டது. இன்று கடையில் வாங்கும் இன்வெர்டர் ஏசிகளில் பெரும்பாலானவை ஆர்-32, ஃபிரிட்ஜ்களில் ஆர்-600ஏ. மூன்றுமே எரியும். எரியும் விதம்தான் வேறு.

ஆர்-290-உம் ஆர்-600ஏ-வும் ஏ3 வகுப்பு, அதாவது நன்றாகவே எரிபவை. ஆர்-32 ஏ2எல், மெதுவாக எரிவது. காற்றில் 2.1 சதவீதம் கலந்தாலே புரொபேன் பற்றும். எடைக் கணக்கில் ஒரு கனமீட்டருக்கு 38 கிராம். ஆர்-32 பற்ற 14.4 சதவீதம் வேண்டும், கனமீட்டருக்கு 307 கிராம். புரொபேனைப் பற்றவைக்க 0.25 மில்லிஜூல் பொறி போதும். ஆர்-32-க்கு அதைப்போல நூறு மடங்குக்கு மேல் வேண்டும். ஆகவே ஆர்-32-ஐ வைத்துப் பழகிவிட்டு, "எரியும் கேஸ் எல்லாம் பார்த்தாச்சு" என்று ஆர்-290 பக்கம் போவது சரியில்லை. ஆர்-32-க்கும் தனிக் குணம் ஒன்று உண்டு. தீயில் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு ஆகும். கண்ணையும் மூக்கையும் எரிக்கும் அந்தப் புகை வந்தால் டார்ச்சை அணைத்துவிட்டு வெளியே போக வேண்டும். "கொஞ்சம் காரமாக இருக்கிறது" என்று வேலையைத் தொடரக் கூடாது.

ஒன்றரை டன் ஆர்-22 ஏசியில் ஒரு கிலோவுக்கு மேல் கேஸ் இருக்கும். ஆர்-290-இல் 300 கிராமைச் சுற்றித்தான். இதைச் சொல்லும் விற்பனையாளர்கள் கூடவே ஒன்றைச் சொல்வார்கள்: சமையலறையில் 14.2 கிலோ எல்பிஜி சிலிண்டர் இருக்கிறது, இது அதில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லையே என்று. கணக்கு சரி, ஒப்பீடு சரியில்லை. சமையல் கேஸில் நாற்றத்துக்கென்று மெர்காப்டன் சேர்த்திருக்கிறார்கள். கசிந்தால் பக்கத்து வீட்டுக்காரரே கதவைத் தட்டுவார். ஏசிக்கு வரும் ஆர்-290-இல் அது கிடையாது. மூக்கை நம்ப முடியாது.

300 கிராம் என்ன செய்யும் என்று ஓர் அறையில் வைத்துப் பார்க்கலாம். 12-க்கு 14 அடி அறை, ஒன்பதரை அடி உயரம்: ஏறக்குறைய 45 கனமீட்டர். 300 கிராமும் சீராகக் கலந்தால் கனமீட்டருக்கு ஏழு கிராம்கூட வராது. எரியும் அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழ். பயமில்லை. ஆனால் புரொபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். காற்றோட்டம் இல்லாத அறையில் மெதுவாகக் கசிந்தால் தரையில் படியும். அதே 300 கிராம் தரையோடு தரையாகப் பரவினால் முழங்கால் உயரத்துக்கு எரியும் கலவையாக நிற்கலாம். பிளக் பாயின்ட், தரையில் எரியும் கொசுவர்த்தி, பூஜை விளக்கு எல்லாம் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன.

எந்த அறைக்கு எவ்வளவு கேஸ் என்பதற்கு ஐஇசி 60335-2-40 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரத்தில் சூத்திரம் இருக்கிறது. சுவரில் 1.8 மீட்டர் உயரத்தில் மாட்டும் இன்டோருக்கு, ஆர்-290-இல் அதைச் சுருக்கினால் இப்படி வரும்: அறைப் பரப்பின் வர்க்கமூலத்தை (சதுரமீட்டரில்) 75-ஆல் பெருக்கினால் கிராம். 300 கிராமுக்கு 16 சதுரமீட்டர், அதாவது சுமார் 170 சதுர அடி வேண்டும். இங்கே வர்க்கமூலம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். "கூலிங் பத்தலை" என்று 50 கிராம் கூடுதலாகத் தள்ளினால், தேவைப்படும் அறை 170-இலிருந்து 230 சதுர அடிக்குப் போய்விடும். அறை வளராது. 2022-இல் வந்த திருத்திய பதிப்பு, கசிவு சென்சார், தானாக ஓடும் ஃபேன் போன்ற கூடுதல் ஏற்பாடுகள் உள்ள மெஷின்களுக்கு இன்னும் அதிகம் அனுமதிக்கிறது; அதுவும் கம்பெனி வடிவமைத்து வந்ததற்குத்தான், நாம் சேர்த்துக்கொள்வதற்கு இல்லை. ஆர்-32-க்கு 1.84 கிலோ வரை இந்த அறைக் கணக்கே தேவைப்படாது. வீட்டு ஏசிகளில் ஆர்-32 தலைவலி இல்லாமல் பரவியதற்கு இது முக்கியக் காரணம்.

வேலைக்குப் போனதும் முதலில் பார்க்க வேண்டியது பெயர்த் தகடு. கேஸ் எது, எத்தனை கிராம், அனுமதித்த அதிகபட்ச அழுத்தம் எவ்வளவு என்று மூன்றும் அதில் இருக்கும். தகடு இல்லாத, அல்லது ஆர்-22 என்று எழுதியிருந்தாலும் பலர் கைபட்ட பழைய மெஷின் என்றால் உள்ளே இருப்பது எரியும் கேஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காரணம் கீழே வரும்.

அடுத்து இடம். இன்டோருக்கும் அவுட்டோருக்கும் சுற்றி மூன்று மீட்டருக்குள் தீப்பொறி எதுவும் கூடாது. வீட்டுக்காரர்களிடம் "தீ எதுவும் வேண்டாம்" என்று பொதுவாகச் சொன்னால் அடுப்பை மட்டும் அணைப்பார்கள். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: விளக்கு, ஊதுவத்தி, கொசு பேட், அயர்ன் பாக்ஸ், பால்கனியில் கேஸ் கீசர், யூபிஎஸ் பேட்டரி. கொசு பேட் விளையாட்டுச் சாமான் மாதிரி தெரியும். வேலையே அதிக வோல்டேஜில் பொறி விடுவதுதான். இன்னொன்று ஸ்டெபிலைசர். உள்ளே ரிலே டிக் டிக் என்று மாறும்போதெல்லாம் பொறி. ரிமோட்டில் ஏசியை நிறுத்தினால் ஸ்டெபிலைசர் நிற்காது, எம்சிபியில் (ஏசிக்குக் கரண்ட் வரும் பிரேக்கர் சுவிட்ச்) நிறுத்த வேண்டும். அந்த எம்சிபியையும் கேஸ் வெளியே வருவதற்கு முன்பே இறக்கி, டேப் ஒட்டிவிடுவது நல்லது. வேலை நடுவில் யாரோ ஒருவர் "கரண்ட் போச்சு போல" என்று தூக்கிவிடுவார்.

ஜன்னல், கதவு திறந்திருக்க வேண்டும். ஒரு டேபிள் ஃபேனைத் தரையில் வைத்து, காற்று வெளியே போகிற திசையில் ஓடவிடுங்கள். சுவிட்சை அறைக்கு வெளியே, எக்ஸ்டென்ஷனில் போடுங்கள்; வேலை முடியும்வரை அணைக்காதீர்கள். ஹைட்ரோகார்பன் டிடெக்டர் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வேலை செய்யும் இடத்துக்கும் தணிவான மூலைக்கும் நடுவில். எரியும் அளவில் கால் பங்கைத் தாண்டும் முன்பே அது கத்த வேண்டும். ஆர்-22-க்கு வாங்கிய பழைய லீக் டிடெக்டர் இந்த வேலைக்கு ஆகாது. அதற்குப் புரொபேன் தெரியாது. சிலவற்றின் முனையே சூடாக இருக்கும். ஹாலைடு டார்ச்சைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை, தீயை வைத்துக்கொண்டு புரொபேனைத் தேடுகிற கதை. டிரை பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில், வண்டியில் அல்ல.

மொட்டைமாடியில் அவுட்டோர் இருந்தால் காற்றோட்டம் தானாகக் கிடைக்கும். சிக்கலான இடங்கள் வேறு: அபார்ட்மென்டின் குறுகலான டக்ட், மூன்று பக்கம் சுவர் எழுப்பிய பால்கனி, தரையடி பார்க்கிங். பக்கத்தில் சம்ப், டிரெய்னேஜ் மூடி, லிஃப்ட் குழி இருந்தால் கனமான கேஸ் அங்கேதான் போய் உட்காரும். சாக்கடை மூடியில் ஈரச் சாக்கு போட்டு மூடுவது எளிய வேலை, செய்பவர்கள் குறைவு.

கெப்பாசிட்டரைத் தட்டும் பழக்கத்துக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். 45 மைக்ரோஃபாரட் ரன் கெப்பாசிட்டர் 325 வோல்ட் உச்சத்தில் நிறைந்திருந்தால் அதில் இருப்பது ஏறக்குறைய 2.4 ஜூல். புரொபேனுக்குத் தேவை 0.25 மில்லிஜூல். ஸ்க்ரூடிரைவரால் தட்டும்போது பறக்கும் அந்த ஒரு பொறி, தேவையைப்போல ஒன்பதாயிரம் மடங்கு. 20 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றில் இரண்டு இன்சுலேட்டட் வயரைச் சால்டர் செய்து வைத்துக்கொண்டால், சில நொடிகள் பிடித்ததும் சத்தமில்லாமல் இறங்கிவிடும். பிறகு மீட்டரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். இன்வெர்டர் போர்டில் டிசி பஸ் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். கரண்டை எடுத்துப் பத்து நிமிடம் விட்டு, அளந்து, பிறகு தொடுங்கள்.

இனி கேஸை எடுப்பது. ஆர்-32 என்றால் ரெக்கவரி (காற்றில் விடாமல் மெஷின் வைத்துச் சிலிண்டரில் பிடிப்பது), வேறு பேச்சில்லை. வெளியே விட்டால் ஒரு கிலோ ஆர்-32, 675 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ரெக்கவரி மெஷின் ஏ2எல்-க்கு என்று தயாரித்ததாக இருக்க வேண்டும். பழைய ஆர்-22 மெஷினின் சுவிட்சும் மோட்டாரும் பொறி விடும். ஆர்-290-இல் சூழல் பாதிப்பு மிகக் குறைவு என்பதால், வீட்டு ஏசி அளவுக்குக் கட்டுப்பாட்டோடு திறந்தவெளியில் விடுவது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். கட்டுப்பாட்டோடு என்ற சொல்தான் இங்கே முக்கியம். நீளமான ஹோஸ், அதன் முனை கட்டடத்துக்கு வெளியே, ஜன்னல், படிக்கட்டு, சாக்கடை மூடி, சாலையில் சிகரெட் பிடிப்பவர் எல்லாவற்றுக்கும் தள்ளி, தரைக்கு மேலே. வால்வை மெதுவாகத் திறங்கள். வேகமாகப் பீய்ச்சினால் திரவமாகவே வரும். எண்ணெயையும் இழுத்துவரும், ஹோஸ் முனையில் நிலைமின்சாரமும் சேரும். மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும் திரவம், கையுறை இல்லாமல் பட்டால் தோல் வெந்துபோகும். டக்ட்டுக்குள் அவுட்டோர் இருக்கிறது, காற்றே நகரவில்லை என்றால் ஆர்-290-ஐயும் ரெக்கவரி செய்ய வேண்டும், அதுவும் ஏ3-க்கான மெஷினில். ஆர்-32 சிலிண்டரில் ஆர்-290-ஐக் கலக்கவே கூடாது.

கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்ததும் பைப்பை வெட்டலாம் என்று தோன்றும். இந்த இடத்தில்தான் அவசரம் ஆளைக் கவிழ்க்கும். பூஜ்யம் என்றால் காலி இல்லை; உள்ளே வளிமண்டல அழுத்தத்தில் முழுக்கப் புரொபேன் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். அதோடு கம்ப்ரசர் எண்ணெயில் கரைந்த கேஸ் வேறு. வால்வை மூடிக் கால்மணி நேரம் காத்திருந்தால் முள் தானாக மேலே ஏறுவதைப் பார்க்கலாம். எண்ணெய் விடுகிற கேஸ் அது.

முறை இதுதான். வேக்கம் பம்ப் போட்டு உள்ளே 0.3 பார் வரை இறக்குங்கள் (இங்கே பார் கணக்கு முழு வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து). பம்ப்பின் வெளிவாயிலிலும் ஹோஸ் மாட்டி வெளியே கொண்டுபோக வேண்டும். இழுத்த புரொபேன் முழுவதும் அந்த வாய் வழியாகத்தான் வருகிறது. பம்ப்பின் சொந்த சுவிட்சை ஆன் நிலையிலேயே வைத்துவிட்டு, மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் பிளக்கில் ஓட்டி நிறுத்துங்கள். பிறகு உலர் நைட்ரஜனை 2 பார் வரை விட்டு, அதை வெளியேற்றி, மறுபடி வேக்கம். மூன்று சுற்று. ஏன் மூன்று? 0.3 பார் புரொபேன் மிஞ்சியிருக்கும்போது நைட்ரஜனை 2 பாருக்கு நிரப்பினால் உள்ளே புரொபேன் 15 சதவீதம். இரண்டாம் சுற்றில் இரண்டே கால். எரியத் தொடங்கும் அளவே 2.1 என்பதால் அது விளிம்பில் நிற்கிறது. மூன்றாவதில் அரை சதவீதத்துக்கும் கீழே போகும். எண்ணெய் விடுவதையும் சேர்த்தால் இரண்டில் நிறுத்துவது சூதாட்டம். நைட்ரஜனுக்குப் பதில் கம்ப்ரஸ்டு ஏர், அதைவிட மோசமாக ஆக்சிஜன், இரண்டும் எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. வெல்டிங் செட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்திலேயே நிற்பதால் சபலம் வரும். எண்ணெயும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் தீக்குச்சிகூட வேண்டாம்.

இதன் பிறகும் முதல் வெட்டு டியூப் கட்டரால்தான். டார்ச்சால் பழைய ஜாயின்டை உருக்கிக் கழற்றும் வழக்கத்தை ஆர்-290-இல் விட்டுவிட வேண்டும். வெட்டித் திறந்து, டிடெக்டரை வாயருகே காட்டி, அது பூஜ்யம் சொன்ன பிறகு டார்ச்சை மூன்று மீட்டர் தள்ளிப் பற்றவைத்துக் கொண்டுவாருங்கள். பிரேசிங் நடக்கும்போது உள்ளே நைட்ரஜன் மெல்லிதாக ஓடட்டும், நிமிடத்துக்கு மூன்று முதல் ஐந்து லிட்டர். கறுப்புப் பொருக்கு உள்ளே படியாமல் இருப்பதற்குச் சொல்லிக்கொடுத்தது. ஏ3-இல் எண்ணெயாவியைத் தள்ளிக்கொண்டே இருப்பது கூடுதல் லாபம். தீயே வேண்டாம் என்பவர்களுக்கு லாக்ரிங் போன்ற அழுத்து ஜாயின்ட்கள் இருக்கின்றன. அறைக்குள் வேலை என்றால் என் ஓட்டு அதற்குத்தான். குழாயின் வெளிப்புறம் கீறல் இல்லாமல் இருந்தால் போதும், நன்றாகவே பிடிக்கும்.

ஃபிளேரில் (குழாய் வாயை விரித்து நட்டால் இறுக்கும் ஜாயின்ட்) ஒரு விதி பலருக்குத் தெரியாது: வீட்டுக்குள் இருக்கும் ஃபிளேர் ஜாயின்டைக் கழற்றினால், பழைய வாயை அப்படியே திரும்ப மாட்டக் கூடாது. வெட்டிப் புதிதாக ஃபிளேர் செய்ய வேண்டும். ஒருமுறை இறுகிய செம்பு கெட்டிப்பட்டிருக்கும், மறுமுறை அதே இடத்தில் உட்காராது. டார்க் ரென்ச் வைத்து இறுக்குங்கள்: கால் அங்குலத்துக்கு 14 முதல் 17 நியூட்டன் மீட்டர், 3/8-க்கு 33 முதல் 40, அரை அங்குலத்துக்கு 50 முதல் 60. "கை தெரிஞ்ச இறுக்கம்" என்பவர்கள் பெரும்பாலும் கால் அங்குலத்தை அதிகம் இறுக்கிக் கீறல் விடுகிறார்கள், அரை அங்குலத்தைக் குறைவாக விட்டுக் கசியவிடுகிறார்கள்.

கசிவைத் தேடுவது நைட்ரஜனும் சோப்பு நுரையும் வைத்துத்தான். தகட்டில் போட்ட அதிகபட்ச அழுத்தத்தைத் தாண்டாமல் படிப்படியாக ஏற்றுங்கள்: முதலில் 5 பார், நின்று பார்த்து 15, பிறகு முழு அளவு. இரவு முழுக்க நிறுத்திவைத்தால் வெப்பத்துக்குக் கழிவு கொடுங்கள். 30 பாரில் ஒரு டிகிரி இறங்கினால் 0.1 பார் இறங்கும், அது கசிவு இல்லை. கடலோர ஊர்களில் இன்டோர் காயிலின் யூ வளைவுகளையும், செம்பும் அலுமினியமும் சேரும் இடங்களையும் முதலில் பாருங்கள். இடத்தைக் கண்டுபிடிக்காமல் டாப்-அப் போடுவது எந்த கேஸிலும் அரைகுறை வேலை. ஆர்-290-இல் மூடிய படுக்கையறைக்குள் தவணை முறையில் புரொபேன் விடுகிறோம் என்று பொருள்.

வேக்கம் டிஜிட்டல் கேஜில் 500 மைக்ரானுக்குக் (வேக்கத்தை அளக்கும் நுண்ணிய அளவு) கீழே வரட்டும். பம்ப்பைத் தனிமைப்படுத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் பாருங்கள். கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் ஈரம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. மேனிஃபோல்டின் முள் கேஜில் இந்த வித்தியாசம் தெரியாது.

சார்ஜிங் எடை பார்த்து மட்டும். 300 கிராமில் 30 கிராம் பிசகினால் பத்து சதவீதம். ஆர்-22-இல் 30 கிராமை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஒரு கிராம் துல்லியமுள்ள தராசு, காற்று அடிக்காத இடத்தில். ஐந்து அடி ஹோஸில் திரவம் நின்றாலே 12, 13 கிராம் அதிலேயே தங்கிவிடும் என்பதால் சிறிய ஹோஸ், முடிந்தால் வால்வு முனையிலேயே மூடும் ஹோஸ். முதலில் ஹோஸிலிருக்கும் காற்றை வேக்கத்தில் எடுத்துவிடுங்கள். ஆர்-290 ஒற்றைச் சரக்கு. கலவை இல்லை என்பதால் ஆவியாக ஏற்றினாலும் திரவமாக ஏற்றினாலும் விகிதம் மாறாது. கம்ப்ரசர் ஓடும்போது திரவத்தைத் தள்ளிவிடாதீர்கள், அவ்வளவுதான். சக்ஷன் பிரஷரையும் ஆம்பியரையும் பார்த்து "இன்னும் கொஞ்சம்" என்று ஏற்றுகிற கைக்கு இங்கே இடமில்லை. தகட்டில் உள்ள கிராம் போட்டும் குளிரவில்லை என்றால் கோளாறு கேஸில் இல்லை. ஃபில்டர், காயில், கேபிலரி, ஃபேன் எதிலோ இருக்கிறது.

மூடிய பிறகு, கரண்ட் கொடுப்பதற்கு முன் எல்லா ஜாயின்டிலும் டிடெக்டரால் ஒரு சுற்று. கம்ப்ரசர் டெர்மினல் மூடி போடாமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள். டெர்மினல் பின் பழுதாகித் தெறித்தால் எண்ணெயும் கேஸும் பீய்ச்சி வரும், அதே இடத்தில் கரண்டும் இருக்கிறது. ஆர்-290 மெஷினில் ரிலே, ஓவர்லோட், கனெக்டர் எல்லாம் பொறி வெளியே வராதபடி அடைத்தவை. ஒன்று போய்விட்டால் அதே பார்ட்தான் வேண்டும். கடையில் கிடைக்கும் சாதா ரிலேவை டேப் சுற்றி மாட்டினால் ஏசி ஓடும். மெஷின் ஏ3-க்குத் தகுதி இழந்துவிடும்.

ஆர்-22 ஏசியில் ஹைட்ரோகார்பன் ஏற்றும் வழக்கத்துக்கு வருகிறேன். அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்று, பழைய எண்ணெய் ஒத்துப்போகும், கரண்ட் கொஞ்சம் குறையும். தொழில்நுட்பமாக ஓடும் என்பதில் சந்தேகமில்லை. அது கூடவே கூடாது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. அந்த மெஷினின் ரிலேக்கள் அடைத்தவை அல்ல. அறையளவுக் கணக்கு யாரும் போடவில்லை. தகட்டில் இன்னும் ஆர்-22 என்றே இருக்கிறது. ஏற்றியவருக்கு எதுவும் ஆகாமல் போகலாம். இரண்டு வருடம் கழித்து வரும் வேறொரு மெக்கானிக், தகட்டை நம்பி டார்ச்சோடு உட்காருவார். சமையல் கேஸை ஏற்றுவது இன்னும் கேவலம்: பியூட்டேன் கலந்தது, ஈரமும் கந்தகமும் உள்ளது, அழுத்தம் எதனோடும் பொருந்தாது. சந்தேகம் வந்தால், கரண்ட் இல்லாமல் வெப்பம் சமநிலைக்கு வந்த பிறகு நிற்கும் அழுத்தத்தைப் பாருங்கள். 30 டிகிரியில் 158-க்குப் பதில் 140 என்றால் யோசிக்க வேண்டியதுதான். காற்றோட்டமான இடத்தில் சர்வீஸ் போர்ட்டைத் துளி தளர்த்தி ஹைட்ரோகார்பன் டிடெக்டரைக் காட்டினால் விடை தெரிந்துவிடும்.

பம்ப் டவுன் (ஏசியின் கம்ப்ரசரையே ஓட்டி கேஸ் முழுவதையும் அவுட்டோருக்குள் இழுத்து அடைப்பது) பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கம்ப்ரசர் வெடிப்பதற்கு கேஸ் எரிவதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சக்ஷன் பக்கம் கசிவு இருக்கும்போதோ, ஃபிளேர் தளர்ந்திருக்கும்போதோ, முள் பூஜ்யத்தைத் தாண்டிய பிறகும் ஓடவிட்டால் கம்ப்ரசர் காற்றை இழுக்கும். காற்றும் எண்ணெய்த் துளிகளும் உள்ளே அழுந்திச் சூடேறி, டீசல் எஞ்சினில் நடப்பது ஷெல்லுக்குள் நடக்கும். கசிகிற மெஷினைப் பம்ப் டவுன் செய்யாதீர்கள், ரெக்கவரி செய்யுங்கள். கசியாததில், சக்ஷன் பூஜ்யத்துக்கு மேல் கொஞ்சம் இருக்கும்போதே வால்வை மூடிக் கரண்டை நிறுத்துங்கள். குழாயைக் கழற்றுவது கம்ப்ரசர் நின்ற பிறகுதான். ஏசியின் கம்ப்ரசரையே வேக்கம் பம்ப்பாக ஓட்டிக் காற்றை எடுக்கும் குறுக்குவழியும் இதே கணக்கில் சேரும்.

ஃபிரிட்ஜில் உள்ள ஆர்-600ஏ-வுக்கு ஒரு வேறுபாடு மட்டும். அது மைனஸ் 11.7 டிகிரியில்தான் கொதிக்கும் என்பதால், ஃப்ரீசர் ஓடும்போது சக்ஷன் பக்கம் வளிமண்டலத்துக்கும் கீழே போய்விடும். அந்தப் பக்கம் ஓட்டை இருந்தால் கேஸ் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஓடும்போது சோப்பு நுரை வைத்துத் தேடினால் எதுவும் கிடைக்காது. நிறுத்தி, அழுத்தம் சமமான பிறகு தேடுங்கள். கதவைத் திறந்துவைத்துக் காற்றாடவிட்டே தொடங்குங்கள். கேபினட்டுக்குள் கசிந்தது அங்கேயே அடைந்து நிற்கும், லைட் சுவிட்சும் உள்ளேதான் இருக்கிறது.

சிலிண்டர் விஷயத்தில் கைப்பழக்கம் இன்னொருமுறை ஏமாற்றும். திரவ ஆர்-290 லிட்டருக்கு அரைக் கிலோகூட இல்லை, ஆர்-22 ஒரு கிலோ 200 கிராம். 10 கிலோ ஆர்-22 பிடித்த ரெக்கவரி சிலிண்டரில் ஆர்-290 நாலு கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. தராசில் "இன்னும் பாதிகூட நிறையலை" என்று தெரியும்போது உள்ளே திரவம் மூடி முட்டியிருக்கும். சார்ஜ் இறங்கவில்லை என்று சிலிண்டரில் டார்ச் காட்டுவது ஆர்-22 காலத்திலேயே தப்பு. வெதுவெதுப்பான தண்ணீர் வாளி போதும், 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். டூவீலர் பெட்டிக்குள் வைத்து வெயிலில் நிறுத்தாதீர்கள். காரில் என்றால் நிமிர்த்திக் கட்டி, மூடி போட்டு, ஜன்னலை இறக்கி. வேலை முடிந்ததும் மெஷினில் எரியும் கேஸ் ஸ்டிக்கர் இல்லையென்றால் ஒட்டி, தேதி, ஏற்றிய கிராம், எந்த ஜாயின்ட் மாற்றியது என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள்.